ராத்திரி பத்து மணிக்கும் வீடு ஏன் வேகிறது?

வேலூரில் மே மாத ராத்திரி. மணி பத்து. சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. தெருவில் லேசாகக் காற்றுகூட வீசுகிறது. ஆனால் எங்கள் மாடி அறைக் கதவைத் திறந்தால், இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். மின்விசிறியை ஐந்தில் வைத்தால் இன்னும் மோசம். அனலை அள்ளி நம் மேலேயே கொட்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றால் இன்று ராத்திரி ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆடாத ஸ்டூலாகப் பார்த்துப் போட்டு ஏறி, உள்ளங்கையைச் சீலிங்கில் வையுங்கள். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். இறங்கி அதே கையைத் தரையில் வையுங்கள். அது எவ்வளவோ தேவலாம். அறைக்குள் இருக்கும் காற்று இரண்டுக்கும் பொதுதான். ஆக, ராத்திரியில் நம்மை வேகவைப்பது காற்று மட்டும் இல்லை, தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட். இது புரிந்துவிட்டால், ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் குறைந்த செலவில் எதைச் செய்யலாம், எதற்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது தானாகவே தெளிவாகும்.

பதினேழு டன் தோசைக்கல்

சின்ன வீடு, 600 சதுர அடி மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் விழும் வெயில் ஏறக்குறைய 1,000 வாட், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு. 600 சதுர அடிக்கு ஐம்பத்தைந்து இஸ்திரிப் பெட்டிகள். அழுக்கேறிக் கருத்த கான்கிரீட் அதில் முக்கால் பங்கை ஒட்டி உறிஞ்சிக்கொள்ளும்.

ஐந்து அங்குலக் கனத்தில் அந்தத் தளத்தின் எடை கிட்டத்தட்ட 17 டன். அது முழுக்க ஒரு டிகிரி சூடேற நான்கு யூனிட் அளவு வெப்பம் வேண்டும். காலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையே பத்து டிகிரி ஏறினால் 40 யூனிட் வெப்பம் உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பை அணைத்த பிறகும் கனத்த தோசைக்கல் இன்னும் இரண்டு தோசைக்குத் தாங்கும் இல்லையா, அதே கதைதான். மதியம் ஒரு மணிக்கு மேல்பக்கம் வாங்கிய சூடு மெதுவாகக் கீழே இறங்கி, சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குத்தான் சீலிங்கில் உச்சத்துக்கு வரும். பிறகு நள்ளிரவு வரை பாதியை வானத்துக்கும் பாதியை நமக்குமாகக் கக்கிக்கொண்டிருக்கும்.

கக்குவது எப்படி? இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சூடு நம்மிடம் வரக் காற்று தேவையில்லை. விறகடுப்புக்குப் பக்கவாட்டில் நின்றால் காற்று நம் பக்கம் வீசாவிட்டாலும் முகம் சுடும். கதிர்வீச்சு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். நம் தோலின் சூடு ஏறக்குறைய 34 டிகிரி. சீலிங் 39 டிகிரியில் இருந்தால், படுத்திருக்கும் நம் உடம்பு முழுக்க அந்தச் சீலிங்கைப் பார்த்தபடி சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். அறையில் 32 டிகிரி என்று கடிகாரத்தில் ஓடும் எண் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது.

அப்புறம் சுவர்கள். நம் ஊர்களில் கோடையில் சூரியன் ஏறக்குறைய நேராக உச்சந்தலைக்கு மேலே போகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள், மதியம் குச்சியை நட்டால் நிழலே விழாது. அந்த இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நடுப்பகலில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் அக்னி நட்சத்திர நாட்களில் தெற்குச் சுவருக்கு வெயில் மிகக் குறைவு. 'தெற்குப் பார்த்த வீடு, அதான் வெக்கை' என்று சொல்பவர்கள் மே மாத மதியம் ஒருமுறை வெளியே போய்ப் பார்க்கலாம். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் சாயங்காலமும் வாங்கும். ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுக்க வாங்குவது, அதே அளவு தளம் வாங்குவதில் பாதியை ஒட்டித்தான் வரும். ஆக முதல் செலவு தளத்துக்கு, இரண்டாவது மேற்குச் சுவருக்கு. மற்றதெல்லாம் அதன் பிறகு.

சுண்ணாம்பு பாதியில் தீர்ந்த கதை

மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதம், எங்கள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கணக்குத் தெரியாமல் பாதிச் சரக்குதான் வாங்கியிருந்தேன். ஹால் இருக்கும் பக்கம் முடிந்ததும் வாளி காலி. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. படுக்கையறைப் பக்கம் கருப்பாகவே நின்றது. மறுநாள் வாங்கலாம் என்றது இரண்டு வாரம் ஆயிற்று. வெட்கப்பட வேண்டிய சோம்பேறித்தனம், ஆனால் அதைவிட நல்ல பரிசோதனையை நான் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

ஒரு மதியம் இரண்டு மணிக்குத் துணி எடுக்க வெறுங்காலோடு மேலே போனேன். கருப்புப் பக்கம் இரண்டு அடி வைத்ததும் துள்ளி வெள்ளைக்குத் தாவினேன். அங்கேயும் சூடுதான், ஆனால் நின்று துணியை மடிக்க முடிந்தது. எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவரிடம் தூரத்திலிருந்தே சூடு அளக்கும் துப்பாக்கி இருந்தது. (கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டியது இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டு அளவுக்கு மேல் எண் காட்டாது.) கருப்புப் பக்கம் 61, வெள்ளைப் பக்கம் 44. ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழே வந்து சீலிங்கை அளந்தோம். படுக்கையறையில் 39, ஹாலில் 34. அன்றிலிருந்து மீதிச் சுண்ணாம்பு வரும்வரை வீட்டில் எல்லோருக்கும் படுக்கை ஹாலில்தான்.

வெள்ளை செய்கிற வேலை எளிது. வெயிலைச் சூடாக மாறவிடாமல் வெளிச்சமாகவே திருப்பி அனுப்பிவிடுகிறது. புதிதாக அடித்த நல்ல வெள்ளை, விழுகிற வெயிலில் எண்பது சதவீதம் வரை திருப்பும். தூசி படிந்தால் அறுபது எழுபதுக்கு இறங்கும். அதனால் கோடை நடுவில் ஒருமுறை துடைப்பத்தால் பெருக்கிக் கழுவிவிடுவது நல்லது.

இன்னொரு குணமும் வேண்டும். உறிஞ்சிய கொஞ்சச் சூட்டையும் சீக்கிரம் வெளியே விட வேண்டும். பளபளவென்று இருக்கும் தகரம் வெயிலை நன்றாகவே திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டை எளிதில் விடாது. புதுத் தகரத்தைத் தொட்டாலும் கை வெந்துபோவது அதனால்தான். சில்வர் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வெள்ளையே போதும். கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் டப்பாக்களில் இந்த இரண்டு குணத்தையும் சேர்த்து எஸ்.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். கன்னங்கரிய பரப்புக்கு 0, நல்ல வெள்ளைக்கு 100 என்று வைத்து எடுத்த அளவு அது. நூறை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் வாங்கலாம். அந்த எண்ணே போடாமல் 'பத்து டிகிரி குறையும்' என்று மட்டும் எழுதியிருந்தால், எதன் சூட்டில் பத்து டிகிரி என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தளத்தின் மேல்பக்கம் பத்து பதினைந்து குறைவது சர்வசாதாரணம். அறைக்காற்றில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே நல்ல பலன்.

சுண்ணாம்பா பெயின்ட்டா? காசு இல்லையென்றால் சுண்ணாம்பு, யோசிக்கவே வேண்டாம். பெயின்ட் செலவு அதைப்போலப் பல மடங்கு, ஆனால் சில வருஷம் நிற்கும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் கையில் ஒட்டாமல் பிடிக்கும் என்பது கொத்தனார்கள் எல்லோரும் சொல்வது, எங்களுக்கும் சரியாகவே வந்தது.

அடிக்கும் முன் பாசியைச் சுரண்டி, விரிசல்களை அடைத்துவிடுங்கள். ஒழுகும் தளத்துக்கு மேல் வெள்ளை அடிப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுவது மாதிரி. அடிக்கும் நேரம் சாயங்காலம். தளத்தை லேசாக நனைத்து, மோர் பதத்தில் கரைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் அப்பளமாகப் பெயர்ந்து வரும். சுண்ணாம்புக் கல்லை நீங்களே நீர்த்தால் கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் குனிய வேண்டாம். மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறதென்றால், முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு நம் ஊரில் இந்தக் குழாய் இல்லாத வீடு குறைவு.

இதை யாரோ நாலு பேர் மட்டும் செய்யும் கைவைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு 2013இல் அந்த நகரம் தனக்கென்று ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பது பின்னால் அதன் ஒரு பகுதியாயிற்று. தெலங்கானா 2023இல் கூல் ரூஃப் கொள்கை என்றே தனியாக ஒன்று கொண்டுவந்தது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை என்பது அவர்கள் வைத்த இலக்கு. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். உங்களுக்குச் சூடு வேண்டும்.

வெள்ளைக்கு அப்பால்

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மதியம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குளுமை வேறு. தேக்கு உத்திரம், அதன் மேல் நிறுத்தி வைத்து அடுக்கிய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த தளம், மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டுவார்கள். கனமும் இருக்கும், செங்கல் ஜல்லிக்குள் காற்றறைகளும் இருக்கும். காற்று உள்ளே அடைபட்ட எந்தப் பொருளும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இன்று கான்கிரீட் தளத்தின் மேல் வெதரிங் கோர்ஸ் என்று போடுவது இதன் சுருங்கிய வடிவம். காசு மிச்சம் பிடிக்க அதைத் தவிர்த்துவிட்டு வெறும் சிமென்ட் பூச்சோடு விட்ட வீடுகள்தான் இன்று அதிகம் வேகின்றன. தளம் ஒழுகி எப்படியும் உடைத்துப் போட வேண்டிய நிலை வந்தால் வெதரிங் கோர்ஸும் வெள்ளைத் தட்டோடும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஒழுகாத தளத்துக்குச் சூட்டுக்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம்.

நிழல் இன்னொரு வழி. தளத்துக்கு நாலைந்து அடி மேலே பச்சை ஷேட் நெட் கட்டினால் வெயில் வலையிலேயே நின்றுவிடும், இடையில் காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். தளத்தோடு ஒட்டி விரித்தால் இந்தப் பலன் பாதிகூடக் கிடைக்காது. தென்னங்கீற்றுப் பந்தல் இன்னும் சுகம், ஆனால் தீ. 2004இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கீற்றுக்கூரை பற்றி 94 குழந்தைகள் போனது யாருக்கும் மறந்திருக்காது. மேலே சமையல், விளக்கு, பட்டாசு எதுவும் நெருங்காது என்ற உறுதி இல்லாவிட்டால் கீற்று வேண்டாம். சோலார் பலகை போடும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கரன்ட்டோடு நிழலும் இலவசமாகக் கிடைக்கும். மாடித்தோட்டத்துப் பைகளும் நிழல்தான். ஆனால் ஈர மண்ணின் எடையையும் கசிவையும் யோசித்து, கீழே சுவர் தாங்கும் ஓரங்களில், தளத்தின் மேலேயே வரிசையாக வையுங்கள் (கைப்பிடிச் சுவரின் மேல் இல்லை).

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு வாளி முழுவதும் ஆவியானால் பத்து யூனிட். நம்ப முடியாத பலம். ஆனால் ஆவியாகும் தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு, வழிந்து குழாயில் போவதற்கு இல்லை. நாலு குடம் சளசளவென்று ஊற்றுவதைவிடப் பழைய சாக்குகளை விரித்து அரை வாளி தெளிப்பது எவ்வளவோ மேல். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஷீட் வீடுகளின் கதை வேறு. தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கனம் இல்லை. சேமிக்காது, உடனுக்குடன் சுடும், சூரியன் போனதும் ஆறிவிடும். அதனால் அங்கே ராத்திரியைவிடப் பகல்தான் நரகம், வெள்ளை அடித்த அன்றே வித்தியாசம் தெரியும். ஷீட்டுக்குக் கீழே ஒரு அடி இடைவெளி விட்டு மூங்கில் பாயோ தட்டியோ கட்டி, இடைவெளியின் இரண்டு முனையும் திறந்திருந்தால் இன்னும் நல்லது. தெர்மோகோல் ஒட்ட வேண்டாம், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ துளை போடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மேற்கு ஜன்னல்

சன்ஷேட் இருக்கிறதே என்பார்கள். அது மதிய வெயிலுக்கும் மழைக்கும் போட்டது. சாயங்காலம் நாலு மணி வெயில் சாய்ந்து, அதன் அடியில் நுழைந்து நேராக உள்ளே வரும். உள்ளே கனத்த திரை போட்டால் வெளிச்சம் நிற்கும், சூடு நிற்காது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுடவைக்கும், திரை அறையைச் சுடவைக்கும். திருடனை வீட்டுக்குள் விட்டு அறைக்கதவைப் பூட்டிய கதை. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, எதுவும் இல்லாவிட்டால் ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டிய பழைய வேட்டிகூடச் சரிதான். மேற்குச் சுவரை ஒட்டி இரண்டடி மண் இருந்தால் ஒரு பந்தல் போட்டு அவரையோ சங்குப்பூவோ ஏற்றலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரைக் கேட்காமல் செய்யக்கூடியதில் முதல் வேலை இதுதான்.

திறப்பதும் மூடுவதும்

'காற்று வரட்டும்' என்று நாள் முழுக்க ஜன்னலைத் திறந்தே வைப்பது வேலூர், திருச்சி, கரூர் மாதிரி உள்நாட்டு ஊர்களில் தப்பு. காலை பத்து மணிக்கு மேல் வெளிக்காற்று வீட்டுக்காற்றைவிடச் சூடு. அப்போது மூடுங்கள். சாயங்காலம் வெளியே நின்று பார்த்து, உள்ளே இருப்பதைவிட இதமாகத் தெரிகிற நேரத்தில் எல்லாவற்றையும் திறங்கள். ஜன்னலுக்கு கொசுவலை அடிக்கும் காசு, இந்த விஷயத்தில், ஏசிக்குப் போகும் காசைவிட மதிப்புள்ளது. கொசுவுக்குப் பயந்து மூடிய ஜன்னல்தான் பல வீடுகளில் ராத்திரி வெக்கைக்குப் பாதிக் காரணம்.

மாடிப்படி உள்ளேயே இருக்கும் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. சூடான காற்று மேலே ஏறும். ராத்திரி படிக்கட்டுக் கூண்டின் கதவைத் திறந்து (கிரில் மட்டும் பூட்டி), கீழே தெருப்பக்க ஜன்னலையும் திறந்தால், படிக்கட்டே புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அகர்பத்தி ஒன்றைப் படியில் வைத்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். மேசை விசிறி இருந்தால் அதை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து, எதிர் அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். அனல் வெளியே போகும், குளிர்ந்த காற்று மறுபக்கம் நுழையும்.

சென்னையில் கணக்கு கொஞ்சம் மாறும். மதியம் கடல்காற்று ஏறிவிட்டால் திறப்பது நல்லது. மேற்குக் காற்று பலமாக அடித்து அதைத் தடுக்கும் நாட்களில்தான் நகரம் வறுபடும். 2003 மே 31இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் மூடுவதே மேல்.

விசிறி, கூலர், ஏசி

மின்விசிறி அறையைக் குளிரவைப்பதில்லை. சொல்லப்போனால் மோட்டார் சூட்டால் ஒரு துளி சூடாக்குகிறது. வியர்வையைக் காயவைத்து நம்மை மட்டும் குளிரவைக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி வெறும் செலவு. பழைய விசிறி 75 வாட், பிஎல்டிசி என்று விற்கும் சிக்கன மோட்டார் வகை 30 வாட்டை ஒட்டி. ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். சூடு 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை மட்டும் நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த நேரத்தில் உடம்பை நனைத்துக்கொண்டு உட்காருங்கள், அல்லது கீழ்வீட்டுக்குப் போங்கள். வயதானவர் யாராவது பிதற்றினாலோ மயங்கினாலோ அது வெறும் களைப்பு இல்லை. உடனே 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

ஏர் கூலர் வாங்கலாமா என்பதை உங்கள் வீட்டு மண்பானையிடம் கேளுங்கள். மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆவது ஈரம் கசிந்து ஆவியாவதால். கூலரும் அதே வித்தைதான், மோட்டார் வைத்த பானை. பானை நன்றாகக் குளிரும் ஊரில் கூலரும் வேலை செய்யும். 40 டிகிரி சூடும் காற்றில் ஈரம் கால்பங்கும் உள்ள வேலூர் மதியத்தில் கூலர் கோட்பாட்டளவில் 24 டிகிரி வரை இறக்க முடியும். 35 டிகிரி சூடும் அறுபத்தைந்து சதவீத ஈரமும் உள்ள சென்னையில் 29க்குக் கீழே எந்தக் கூலராலும் போகவே முடியாது. நடைமுறையில் இரண்டு இடத்திலும் அந்த எல்லையை எட்டாது. குரோம்பேட்டையில் இருக்கும் என் அக்கா, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஒரு கூலர் வாங்கினாள். ஒரு வாரத்தில் அப்பளம் நமத்துப்போய், பீரோவுக்குள் துணி ஈரவாடை அடித்து, கூலர் இப்போது பரணில் இருக்கிறது. ஜன்னலை மூடிக்கொண்டு ஓடவிட்டாள் என்பதும் ஒரு காரணம். கூலருக்கு ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும்.

ஏசிக்கு நான் விரோதி இல்லை. கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக இருப்பவரோ உள்ள மேல்மாடி வீட்டில் அது ஆடம்பரம் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். ஒரு டன் ஏசி என்றால், ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எடுக்கும் அளவு சூட்டை வெளியேற்றக்கூடியது என்று பொருள். ஐஸ்கட்டிகள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து மெரினா கரையில் ஐஸ் ஹவுஸில் இறங்கிய காலத்தின் மிச்சம் இந்த அளவு. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஐந்து யூனிட்டை ஒட்டிய வெப்பத்தைத் தள்ளும். மேலே சொன்ன தளத்தில் 40 யூனிட் உட்கார்ந்திருக்கிறது. அதில் பாதி கீழே இறங்கினால்கூட, உங்கள் ஏசி நாலு மணி நேரம் தளத்தைத்தான் குளிரவைக்கிறது, உங்களை இல்லை. வெள்ளை அடிக்காத தளத்துக்குக் கீழே ஏசி வாங்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது.

பில்லையும் பாருங்கள். ராத்திரி எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஏசிக்கு மட்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறுகிறது. 24 டிகிரியில் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுற்றவிட்டால் போதும். ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதும் ஏறக்குறைய ஆறு சதவீதம் மிச்சம். 2020 முதல் இங்கே விற்கும் ஏசிகள் இயக்கியதும் 24இல் தொடங்கும்படி விதி இருப்பது இதனால்தான்.

வேலை தொடங்க ஏற்ற மாதம் மாசி. சித்திரையில் கொத்தனார் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் வெயிலில் ஏறமாட்டார். போன வருஷம் சரக்கைச் சரியாகக் கணக்குப் போட்டு வாங்கினேன், மாடி முழுக்க ஒரே நாளில் முடிந்திருக்கும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் தரையில் போட்டால் கூழ் வடகம் காய இரண்டு நாள் ஆகிறதாம், கருப்பில் ஒரே வெயிலில் காய்ந்துவிடுமாம். அதனால் வராந்தாவுக்கு மேலே, யாரும் படுக்காத பக்கமாக, ஒரு பாய் அகலத்துக்குச் சுண்ணாம்பு படாமல் விட்டிருக்கிறோம்.